பின் அச்சைப் பூட்டினால் என்ன ஆகும்?



ஒரு சிறிய கணக்குடன் தொடங்குவோம். ஜோலார்பேட்டைக்கு அருகிலிருந்து ஏலகிரி மலைக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒரு கார் அவற்றுள் ஒரு வளைவில் அரை வட்டமாகத் திரும்புகிறது. அதன் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே உள்ள அகலம் 1.4 மீட்டர். உட்புறச் சக்கரத்தைவிட வெளிப்புறச் சக்கரம் எவ்வளவு தூரம் கூடுதலாக ஓட வேண்டும்?

"வளைவின் ஆரத்தைச் சொல்லவில்லையே!" என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். ஆரம் தெரியாவிட்டால் r என்று வைத்துக்கொள்வோம். உட்புறச் சக்கரம் ஓடும் தூரம் πr. வெளிப்புறச் சக்கரம் ஓடும் தூரம் π(r + 1.4). ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். r மறைந்துவிடுகிறது! எஞ்சுவது π × 1.4, அதாவது 22/7 × 1.4 = 4.4 மீட்டர். வளைவு குறுகியதாக இருந்தாலும் சரி, அகன்றதாக இருந்தாலும் சரி, அரை வட்டம் திரும்பினால் வேறுபாடு 4.4 மீட்டர்தான்.

காரின் டயர் 56 சென்டிமீட்டர் விட்டம் உடையது என்று கொள்வோம். அதன் சுற்றளவு 1.76 மீட்டர். 4.4ஐ 1.76ஆல் வகுத்தால் 2.5 வருகிறது. ஆகவே ஒவ்வொரு வளைவிலும் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட இரண்டரைச் சுற்று அதிகம் சுற்றியாக வேண்டும்.

இப்போது இரண்டு சக்கரங்களையும் ஒரே இரும்புத் தண்டில் அசையாதபடி இறுக்கிவிட்டோம் என்று கற்பனை செய்யுங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில்தான் சுற்ற முடியும். அப்படியானால் அந்த 4.4 மீட்டர் எங்கே போகும்? டயர் தரையில் தேய்ந்துதான் அதை ஈடுசெய்ய வேண்டும். பதினான்கு வளைவுகளுக்கும் சேர்த்து 61.6 மீட்டர் தேய்மானம்! ஏலகிரிக்கு ஒரு முறை ஏறி முடிப்பதற்குள் டயரின் கதி என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் சிலர் வேண்டுமென்றே பின் சக்கரங்களை இப்படிப் பூட்டுகிறார்கள். காரைப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டும் 'டிரிஃப்டிங்' என்னும் விளையாட்டுக்காகச் செய்கிறார்கள். கைப்பேசியில் அதன் படக்காட்சிகளை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். டயர்கள் புகைய, கார் நண்டு போலப் பக்கவாட்டில் நகரும். அதன் பின்னே இருக்கும் இயற்பியல் என்ன? அதை ஏன் நம் சாலைகளில் செய்யக் கூடாது? இவற்றை அறிய முதலில் நம் வயலுக்குப் போவோம்.

நுகத்தடி சொல்லும் பாடம்

மாட்டு வண்டிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் அச்சு அசையாது. சக்கரங்கள் மட்டும் அதன்மேல் தனித்தனியே சுழலும். மாடுகள் வண்டியை இழுக்கின்றன. யாரும் சக்கரத்தைச் சுழற்றுவதில்லை. காரில் நிலைமை வேறு. எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றினால்தான் வண்டி நகரும். இரண்டு சக்கரங்களையும் சுழற்ற வேண்டும். ஆனால் வளைவில் வெவ்வேறு வேகத்தில் சுழலவும் விட வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரு வேலைகளையும் எப்படி ஒன்றாகச் செய்வது?

விடை ஏர் பூட்டுவதிலேயே இருக்கிறது. இரண்டு மாடுகளின் கழுத்தின் மேலும் நுகத்தடி கிடக்கிறது. ஏர்க்காலை அதன் நடுவில் வடக்கயிற்றால் பிணைத்திருப்பார்கள். நுகத்தின் நடுவிலுள்ள ஆணிக்குப் பகலாணி என்று பழைய பெயர் ஒன்று உண்டு. 'பகல்' என்றால் நடு.

இந்த நுகத்தடியைத் திருப்புத்திறன் தத்துவத்தோடு பாருங்கள். நடுவிலிருந்து இரு பக்கமும் நீளம் சமம். ஆகவே இரண்டு மாடுகளும் இழுக்கும் விசை சமமாக இருந்தால்தான் நுகம் சமநிலையில் நிற்கும். ஒரு மாடு ஒரு முழம் முந்தினால் நுகம் சற்றே சாயும், அவ்வளவுதான். ஏர் நின்றுவிடாது. ஏர்க்கால் நகரும் தூரம் இரு மாடுகளும் நடந்த தூரத்தின் சராசரி.

இரண்டு விதிகள் கிடைத்துவிட்டன. விசை இருபுறமும் சமம். வேகம் இரண்டின் சராசரி. காரின் பின் அச்சில் உள்ள 'டிஃபரன்ஷியல்' என்னும் அமைப்பு, சுழலும் நுகத்தடியே தவிர வேறல்ல.

பெட்டிக்குள்ளே

லாரியின் பின்பக்கம் குனிந்து பார்த்தால், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் போன்ற ஓர் இரும்புப் பெட்டி தெரியும். எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையில் சிறிய பற்சக்கரம் ஒன்று இருக்கும். அது பெரிய பற்சக்கரம் ஒன்றைச் சுழற்றும். பட்டறையில் இந்த இரண்டையும் சேர்த்து 'கிரவுன் பினியன்' என்பார்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைப் பகுதி மாணவர்கள் தோல் பதனிடும் டேனரிகளில் பெரிய மர டிரம் உருள்வதைப் பார்த்திருக்கலாம். அதன் சுற்றில் உள்ள பெரிய பல்வளையத்தைச் சிறிய பற்சக்கரம் ஒன்று சுழற்றும். மோட்டாரின் வேகம் குறைகிறது. சுழற்றும் வலிமை கூடுகிறது. நீரும் தோலும் நிறைந்த டிரம் அதனால்தான் உருள்கிறது. காரின் கிரவுன் பினியன் செய்வதும் இதுவே. கூடுதலாக, சுழற்சியின் திசையையும் அது செங்கோணத்தில் திருப்பிவிடுகிறது.

கிரவுன் சக்கரம் நேரடியாகச் சக்கரங்களைச் சுழற்றுவதில்லை. அதனோடு இணைந்த கூட்டுக்குள் 'ஸ்டார் பினியன்' எனப்படும் சிறிய பற்சக்கரங்கள் இருக்கின்றன. இவைதான் நம் நுகத்தடி. ஒவ்வொரு ஸ்டார் பினியனின் ஒரு புறப் பல் இடச் சக்கரத்தின் தண்டையும், மறுபுறப் பல் வலச் சக்கரத்தின் தண்டையும் பற்றியிருக்கும். நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன் தன் அச்சில் சுழலாது. கூட்டோடு சேர்ந்து சுற்றி இரு தண்டுகளையும் ஒன்றாகத் தள்ளும். வளைவில் அது தன் அச்சிலும் சற்றுச் சுழலும். கிரவுன் நிமிடத்துக்கு 100 சுற்று சுற்றினால் உட்புறச் சக்கரம் 90, வெளிப்புறச் சக்கரம் 110 சுற்றலாம். சராசரி 100. ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துவிட்டால் மற்றது 200 சுற்றும்!

பிரான்ஸ் நாட்டுக் கடிகாரத் தொழிலறிஞர் ஒனெசிஃபோர் பெக்கூர் 1820களின் இறுதியிலேயே நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் மூன்று சக்கர மிதிவண்டியில் இதைப் பொருத்தினார். இன்று நம் தெருவில் ஓடும் ஆட்டோவின் பின் அச்சிலும் இதே அமைப்பு உண்டு. இப்போதைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சின் முன் சக்கரங்களையே சுழற்றுகிறது. அவற்றில் டிஃபரன்ஷியல் முன்பக்கம், கியர் பெட்டியோடு சேர்ந்து இருக்கும்.

சமநீதியின் குறை

இவ்வளவு நல்ல அமைப்புக்கும் ஒரு குறை உண்டு. நுகத்தில் ஒரு மாடு இழுக்காமல் நின்றால் என்ன ஆகும்? நுகம் ஒரு பக்கமாகச் சாயும். மற்ற மாடு எவ்வளவு வலிமையானதானாலும் அதன் வலிமை வீணாகும். இரண்டும் சமமாக இழுக்க வேண்டும் என்பதுதானே விதி? ஆகவே வலிய மாடு, சோர்ந்த மாட்டின் அளவுக்கே இழுக்க முடியும்.

காரிலும் அப்படியே. 12,000 நியூட்டன் எடையுள்ள கார் ஒன்று. அதில் பாதி பின் சக்கரங்களின் மேல். அதாவது ஒவ்வொரு பின் சக்கரத்தின் மேலும் 3,000 நியூட்டன். ஒரு சக்கரம் உலர்ந்த தார்ச் சாலையில் நிற்கிறது. உராய்வுக் கெழு 0.7. அதன் பிடிப்பு 2,100 நியூட்டன். மற்றது சேற்றில், உராய்வுக் கெழு 0.1. அதன் பிடிப்பு 300 நியூட்டன்தான். டிஃபரன்ஷியல் இருபுறமும் சமமாகவே தரும் என்பதால், தார்ச் சாலையில் இருக்கும் சக்கரமும் 300 நியூட்டன்தான் தள்ளும். மொத்தம் 600. இந்தக் கார் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் ஏறக் குறைந்தது 1,200 நியூட்டன் வேண்டும். கார் ஏறாது. சேற்றுச் சக்கரம் மட்டும் வீணாகச் சுழன்று சேற்றை வாரி இறைக்கும்.

இரண்டு சக்கரங்களையும் பூட்டிவிட்டால்? இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றே ஆக வேண்டும். விசை சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் நீங்குகிறது. ஒன்று 300, மற்றது 2,100. மொத்தம் 2,400 நியூட்டன். முன்பைவிட நான்கு மடங்கு!

இதில்தான் இந்தக் கட்டுரையின் சாரம் இருக்கிறது. பூட்டாத அச்சு விசையைச் சமமாக்கி, வேகத்தை அதன் போக்கில் விடுகிறது. பூட்டிய அச்சு வேகத்தைச் சமமாக்கி, விசையை அதன் போக்கில் விடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பெற முடியாது. எது வேண்டும் என்பதைத் தரைதான் தீர்மானிக்கும்.

டிராக்டர் ஓட்டுபவருக்கு இது நன்றாகத் தெரியும். பாலாற்று மணலிலோ சேற்று வயலிலோ ஒரு சக்கரம் சுழன்று புதையும்போது, அவர் 'டிஃபரன்ஷியல் லாக்' என்னும் பெடலை மிதிப்பார். இரண்டு பெரிய சக்கரங்களும் பூட்டிக்கொள்ள, வண்டி மேலேறிவிடும். உடனே காலை எடுத்துவிடுவார். பூட்டை விடுவிக்காமல் திரும்பக் கூடாது என்பது டிராக்டர் ஓட்டுவோர் அனைவரும் முதலில் கற்கும் பாடங்களுள் ஒன்று. ஏன் என்பதைப் பின்னர் பார்ப்போம்.

இரயிலின் தந்திரம்

"இரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டிருக்கின்றனவே! அவை எப்படி வளைகின்றன?" என்று கூர்மையான மாணவர் கேட்கலாம். நல்ல கேள்வி. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து நம் பகுதியின் வாலாஜா ரோடு வரை ஓடியது. இன்று காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை வழியே ஓடும் வண்டிகளின் சக்கரங்களை நிலையத்தில் கவனியுங்கள். அவற்றின் ஓடுபரப்பு தட்டையாக இராது. உட்புறம் விட்டம் சற்றுப் பெரிதாகவும் வெளிப்புறம் சற்றுச் சிறிதாகவும் சரிந்திருக்கும். வளைவில் அச்சு வெளிப்பக்கமாக நகர்கிறது. அப்போது வெளிச் சக்கரம் தன் பெரிய விட்டத்திலும், உட்சக்கரம் தன் சிறிய விட்டத்திலும் உருள்கின்றன. சுற்றுகள் சமம், தூரங்கள் வேறு. ஆயினும் வளைவு மிகக் குறுகியதானால் இந்த ஏற்பாடு போதாது. அப்போது கேட்கும் கிரீச்சொலிக்குத் தேய்ப்பும் ஒரு காரணம்.

காரின் டயருக்கு இந்த வசதி இல்லை.

சறுக்கி ஓட்டுவது எப்படி?

இனி டிரிஃப்டிங்குக்கு வருவோம். 1970களில் ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி வளைவுகளில் காரைச் சறுக்கவிட்டு ஓட்டிப் புகழ்பெற்றார். அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி ட்சுசியா 1980களில் இதைப் பரப்பினார். பின்னர் இது தனி விளையாட்டாகவே வளர்ந்துவிட்டது.

டயரின் பிடிப்பை மாதச் சம்பளம் போல நினைத்துக்கொள்ளுங்கள். வண்டியை முன்னே தள்ளவும், வளைவில் பக்கவாட்டில் விலகாமல் காக்கவும் அந்த ஒரே பணத்தைத்தான் செலவிட வேண்டும். ஒன்றில் முழுவதையும் செலவழித்தால் மற்றதற்கு மிஞ்சாது. பின் சக்கரம் தரையோடு ஒட்டாமல் வெறுமனே சுழலத் தொடங்கினால் பக்கவாட்டுப் பிடிப்பும் பெரும்பாலும் போய்விடும். அப்போது காரின் வால் வெளியே வீசும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை எதிர்த்திசையில் திருப்பி, ஆக்சிலரேட்டரால் அந்தச் சறுக்கலை அளவோடு வைத்திருப்பார். இதுதான் டிரிஃப்டிங்.

வேகமாக வளையும்போது காரின் பாரம் வெளிப்பக்கம் சாய்கிறது. நம் கணக்குக் காரில் உட்புறப் பின் சக்கரத்தின் மேல் 1,500, வெளிப்புறத்தின் மேல் 4,500 நியூட்டன் என்று கொள்வோம். 0.7 உராய்வுக் கெழுவில் பிடிப்புகள் முறையே 1,050, 3,150 நியூட்டன். டிஃபரன்ஷியல் பூட்டாமல் இருந்தால் எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் வெளிச் சக்கரம் 1,050 நியூட்டனுக்கு மேல் தள்ளாது. அதன் பிடிப்பில் மிச்சம் எவ்வளவு? இரண்டு விசைகளும் செங்கோணத்தில் இருப்பதால் பிதாகரஸ் தேற்றத்தைப் பயன்படுத்துங்கள். ஏறத்தாழ 2,970 நியூட்டன் பக்கவாட்டுப் பிடிப்புக்கு மிஞ்சுகிறது. உட்சக்கரம் புகைந்து சுழலும். வெளிச் சக்கரமோ சாலையை விடாது. கார் சறுக்க மறுக்கிறது.

அச்சைப் பூட்டினால் இந்தக் காவல் போய்விடும். வெளிச் சக்கரமும் உட்சக்கரத்தோடு சேர்ந்து சுழன்றாக வேண்டும். இரண்டும் ஒன்றாகப் பிடிப்பை இழக்கின்றன. சறுக்கல் எந்நேரமும் ஒரே மாதிரி வருகிறது. பழகிய ஓட்டுநருக்கு வேண்டியது அதுவே. இதற்காக ஸ்டார் பினியன்களைப் பற்றவைத்து அசையாமல் செய்துவிடுவார்கள். அல்லது அவற்றை எடுத்துவிட்டு முழு இரும்புத் துண்டு ஒன்றைப் பொருத்துவார்கள். முழுவதும் பூட்டாமல் ஓரளவு மட்டும் இறுக்கும் டிஃபரன்ஷியல்களும் உண்டு.

பூட்டிய காரின் இரு முகங்கள்

அந்தக் காரைச் சாதாரணச் சாலையில் ஓட்டினால் என்ன? வளைவில் உட்சக்கரம் தேவைக்கு அதிகமாகச் சுழன்று காரை முன்னே தள்ளும். வெளிச் சக்கரம் தேவைக்குக் குறைவாகச் சுழன்று பின்னே இழுக்கும். ஒரு பக்கம் தள்ளல், மறுபக்கம் இழுப்பு: எதிரெதிரான இரு விசைகள் சேர்ந்த 'இரட்டை' இது. இந்த இரட்டை காரை எந்தப் பக்கம் திருப்பப் பார்க்கும்? வளைவுக்கு எதிர்ப் பக்கம்! ஸ்டியரிங்கைத் திருப்பியும் கார் நேரே போகவே முயலும். டிராக்டர் ஓட்டுபவர் திரும்பும் முன் பூட்டை விடுவிப்பது இதனால்தான்.

ஆகவே பூட்டிய காருக்கு இரண்டு முகங்கள். மெதுவாகப் போனால் திரும்ப மறுக்கும். சற்றே கூடுதலாக முடுக்கினால், அதுவும் மழை ஈரத்தில், வால் வீசித் தேவைக்கு மேல் திரும்பிவிடும். இடையில் எச்சரிக்கை கிடையாது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு வளைவிலும் பின் தண்டுகள் முறுக்கப்படுகின்றன. பற்றவைத்த இடம் விண்டு, துண்டு ஒன்று பற்களுக்கிடையே சிக்கினால் ஓடும்போதே பின் சக்கரங்கள் இறுகிப்போகலாம்.

பந்தயத் தடத்தில் எதிரே வண்டி வராது. ஓரத்தில் விலகி நிற்க இடம் உண்டு. மருத்துவ உதவி காத்திருக்கும். சோழவரத்தின் பழைய விமானத் தளத்தில் பல ஆண்டுகள் கார்ப் பந்தயங்கள் நடந்தன. 1990 முதல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே இருக்கிறது. ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னைக்குப் போகும் அதே தேசிய நெடுஞ்சாலையின் மேல்தான் அந்த ஊரும் உள்ளது.

ஆனால் அந்த நெடுஞ்சாலை பந்தயத் தடம் அன்று. காலையில் காலணித் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் அதில் ஓடுகின்றன. சாப்பாட்டுப் பையுடன் சாலையைக் கடப்பவர் உங்கள் வீட்டைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். ஏலகிரி வளைவுக்கு அப்பால் யார் வருகிறார் என்பது யாருக்கும் தெரியாது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், தயாரிப்பாளர் அமைத்த விதத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை 52ஆம் பிரிவில் தடுக்கிறது. அரசின் எழுத்து மூலமான அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டுவது 189ஆம் பிரிவின்படி குற்றம். சட்டம் சொல்வதைத்தான் நம் 4.4 மீட்டர் கணக்கும் வேறு மொழியில் சொல்கிறது.

சேற்றில் சிக்காமலிருக்க இன்று வேறு வழிகளும் வந்துவிட்டன. பல புதிய கார்களில் வீணாகச் சுழலும் சக்கரத்தை உணர்கருவி கண்டறிந்து, அதற்கு மட்டும் பிரேக் பிடிக்கிறது. சோர்ந்த மாட்டின் பக்கம் நுகத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போன்றது இது! தடை கிடைத்ததும் மற்றச் சக்கரத்துக்கும் விசை கிடைத்துவிடுகிறது. பூட்டே தேவைப்படுவதில்லை.

நீங்களே செய்து பாருங்கள்

பழைய ரப்பர் செருப்பு ஒன்றிலிருந்து 7 சென்டிமீட்டர் விட்டமுள்ள இரண்டு சக்கரங்களை வெட்டிக்கொள்ளுங்கள். வழவழப்பான மூங்கில் குச்சி ஒன்றில் அவற்றை 7 சென்டிமீட்டர் இடைவெளியில், தளர்வாகச் சுழலும்படி செருகுங்கள். கழன்றுவிடாமல் இருபுறமும் நூல் சுற்றி முடிச்சிடுங்கள். நூல் சக்கரத்தை இறுக்கக் கூடாது. குச்சியின் நடுவில் வளைந்த கம்பியால் ஒரு கைப்பிடி கட்டுங்கள்.

இரண்டு சக்கரங்களின் உச்சியிலும் சுண்ணாம்புக் கட்டியால் குறியிடுங்கள். தரையில் ஒரு வட்டம் வரைந்து, அதன்மேல் சரியாகக் கால் வட்டம் தள்ளிச் செல்லுங்கள். ஒரு சக்கரம் மற்றதைவிட அரைச் சுற்று முந்தியிருக்கும். ஒரு குறி மேலே இருக்கும்போது மற்றது கீழே இருக்கும். பெரிய வட்டம், சிறிய வட்டம் எதில் செய்தாலும் விடை அதேதான். ஏன் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும்.

அடுத்து, இரண்டு சக்கரங்களையும் பசையால் குச்சியோடு ஒட்டிக் காயவிடுங்கள். தரையில் மெல்லிய மணலைத் தூவி, அதே வட்டத்தில் தள்ளுங்கள். கை உணரும் எதிர்ப்பைக் கவனியுங்கள். மணலில் படிந்த தேய்ப்புத் தடத்தையும் பாருங்கள். பூட்டிய அச்சின் கதை முழுவதும் அந்தத் தடத்தில் எழுதியிருக்கும்.

இறுதியாக உங்களுக்கு ஒரு வேலை. தெருவில் நிற்கும் ஆட்டோ ஒன்றின் பின் சக்கரங்களின் இடை அகலத்தையும் டயரின் விட்டத்தையும், ஓட்டுநரிடம் அனுமதி பெற்று அளந்து கொள்ளுங்கள். அந்த ஆட்டோ ஒரு ரவுண்டானாவை முழுதாகச் சுற்றிவந்தால், வெளிச் சக்கரம் எத்தனை சுற்று அதிகம் சுற்றும்? ரவுண்டானாவின் அளவை நீங்கள் அளக்கத் தேவையில்லை!